கும்பிடு இறால்

அரியலூரில் வைத்திலிங்கத்தின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வலப்பக்கம் சாமி அறை இருக்கிறதுதான். ஆனால் சாமியை எல்லார் வீட்டிலும் பார்க்கலாம். இடப்பக்கம் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியில் இருப்பதை இந்த மாவட்டத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது என்பார் வைத்திலிங்கம். கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரம்பலூர் மாவட்டத்தையும் சேர்த்துக்கொள்வார்.

தொட்டியில் மீன் கிடையாது. ஒரே ஓர் இறால். ஆள்காட்டி விரல் நீளம், காய்ந்த மூங்கிலின் நிறம், முதுகோடு ஓடும் ஒரு வெளிர்க்கோடு. கொடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு நாலு சின்ன விசிறிகள். ஃபில்டரின் வாயிலிருந்து தண்ணீர் பாயும் இடத்துக்கு எதிரே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, விசிறிகளை விரிக்கும். கொஞ்சம் காத்திருக்கும். மூடும். வாயருகே கொண்டுபோகும். மறுபடி விரிக்கும்.

"பாத்தீங்களா? கும்புடுது!" என்பார் வைத்திலிங்கம்.

வந்தவர்கள் பார்ப்பார்கள். அவர் சொன்ன பிறகு அது கும்பிடாமல் வேறெதுவும் செய்வதாகத் தெரியாது.

வைத்திலிங்கத்துக்கு இரண்டு எடைமேடைகள் சொந்தம். சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் அவர் மேடையில் ஏறி இறங்காமல் போவது அபூர்வம். அதைவிட அவருக்கு முக்கியமான சொத்து, 'அன்னதான வள்ளல்' என்ற பட்டம். அதை யார் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் விடிந்தபோது ஃபிளெக்ஸில் இருந்தது. பட்டத்தைப் போட்ட பிறகு அதற்குத் தகுந்தபடி அன்னதானமும் செய்ய வேண்டியதாயிற்று. வருஷத்துக்கு நாலு. ஒவ்வொன்றிலும் முதல் இலைக்கு முதல் கரண்டி சாம்பாரை அவரே ஊற்றுவார். போட்டோ எடுத்து முடியும்வரை கரண்டி அந்தரத்தில் நிற்கும். இலைக்காரர் பொறுமையாக இருக்க வேண்டும்.

லாரி சங்கத் தலைவர் வீட்டில் பெரிய விலை சொல்லும் மீன் ஒன்று வந்து இறங்கியதும், வைத்திலிங்கம் மறுநாளே பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாலாஜி நடத்தும் வண்ண மீன் கடைக்குப் போனார். அங்கேதான் இந்த இறாலைப் பார்த்தார்.

"இது என்னய்யா பண்ணுது?"

பாலாஜி ஒரு கையில் வலையும் ஒரு கையில் போனுமாக நின்றிருந்தான். "கையை விரிக்குது சார். இந்த வகை எறா தண்ணி ஓட்டத்துல வர்ற—"

"கும்புடுதுய்யா!" என்றார் வைத்திலிங்கம்.

அந்த வாக்கியத்தின் மிச்சத்தைக் கேட்க அவர் நிற்கவில்லை. காருக்குள் அமர்ந்ததுமே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். அடியார்.

அடியாருக்கு ராஜ உபசாரம். தொட்டிக்கு ஒரு ஃபில்டர் போதும் என்று பாலாஜி சொன்னதை மீறி மூன்று மாட்டினார். "அவுருக்கு நம்ம போர்த் தண்ணியா? பக்கெட்டே வெள்ளையா பூத்துப் போவுது!" என்று, வீட்டில் மனிதர்கள் குடிக்கும் வாட்டர் கேன்களைத் தொட்டியில் கவிழ்த்தார். தண்ணீர் அப்படித் தெளிந்து நின்றது. வந்த ஒருவர், உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். வைத்திலிங்கத்துக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. அடியாருக்கு உயர்ந்த குச்சித் தீனியாக வாங்கி வேளைக்கு இரண்டு போட்டார். அது கீழே விழுந்து ஊறும். கொஞ்ச நேரத்தில் மூன்று ஃபில்டரும் சேர்ந்து அதை உறிஞ்சித் தொட்டியைப் பளிங்காக்கிவிடும்.

தொட்டிக்கு மேலே சுவரில் அக்காவின் படம் இருந்தது.

அக்கா செல்வம்மாள். உடையார்பாளையம் பக்கத்திலிருந்து இளம் வயதிலேயே தாலியறுத்து வந்தவள். தம்பி வீட்டு அடுப்படியில் முப்பது வருஷம். எடைமேடை ஆட்களுக்கும் லாரி டிரைவர்களுக்கும் சேர்த்து வடித்துக் கொட்டியவள். கடைசி ஏழு மாதம் பக்கவாதம். பேச்சு போயிற்று. வலது பக்கம் விழுந்தது. இடது கை மட்டும் மிஞ்சியது. அந்தக் கையை முன்னால் நீட்டி, விரல்களை மெதுவாக விரித்து, கொஞ்சம் நிறுத்தி, மூடுவாள்.

"ஆசீர்வாதம் பண்றா" என்று முதலில் சொன்னது வைத்திலிங்கம்தான்.

அதன் பிறகு அக்காவிடம் ஆசி வாங்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கவுன்சிலர் வந்தார். சங்கத் தலைவர் குடும்பத்தோடு வந்தார். மகளுக்குப் பரீட்சை என்று ஒருவர் வந்தார். கட்டில் பக்கத்தில் குனிந்து, அந்தக் கையைத் தலையில் வைத்துக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். இறந்த பிறகு ஃபிளெக்ஸ் அடிக்கும்போது ஒரு சங்கடம் வந்தது. இடது கையால் ஆசி சொல்வது பார்க்க நன்றாக இல்லை. ஃபிளெக்ஸ் கடைக்காரன் கெட்டிக்காரன். படத்தை அப்படியே திருப்பிப் போட்டான். செல்வம்மாளின் கை வலது கையாயிற்று. கன்னத்து மச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. 'அக்காவின் ஆசியுடன்' என்று கீழே எழுதினார்கள்.

அந்த ஃபிளெக்ஸ்தான் இப்போது மறுபடி அச்சாகிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதலாமாண்டு நினைவு. மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் அடியார் கல்லைவிட்டுக் கீழே இறங்கினார். மணலில் தலையைக் கவிழ்த்து, விசிறிகளைக் குவித்துத் தரையைத் தொட்டுத் தொட்டு எடுத்து வாயில் வைத்தார். இதைப் பார்த்ததும் வைத்திலிங்கத்துக்குப் புல்லரித்துவிட்டது. "சாஷ்டாங்கமா விழுறாரு பாரு ஜெயா!" என்று வீடியோ எடுத்து எல்லாக் குழுவிலும் போட்டார். கைகூப்பிய பதில்கள் வந்து குவிந்தன.

அவர் மனைவி ஜெயலட்சுமி கண்ணாடி அருகே குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "மண்ணைப் போட்டு இப்புடிச் சுரண்டுதே" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒரு சொல் எப்படியோ வைத்திலிங்கத்தின் காதில் தங்கிவிட்டது. மறுநாள் காலை பேப்பர் படிக்கையில், எதிரே கண்ணாடிக்குள் விசிறிகள் விரிந்ததை ஓரக்கண்ணால் பார்த்தார். விரிந்தன. நின்றன. மூடின. இந்த வேகத்தை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. தோன்றியவுடன் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பருக்குப் பின்னாலும் அது விரிந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

அன்று சோபாவைத் திருப்பிப் போட்டார். அது இன்னும் மோசம். முதுகுக்குப் பின்னால் யாரோ கையை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. பீரோவிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து (அவர் வீட்டில் போர்வைக்குப் பஞ்சம் வரலாம், பொன்னாடைக்கு வராது) தொட்டியின் மேல் போர்த்தினார். "குளிருதா அதுக்கு?" என்றாள் ஜெயலட்சுமி. சரிகைத் துணிக்குள்ளிருந்து ஃபில்டரின் சத்தம் வந்தது. கபம் கட்டிய நெஞ்சிலிருந்து வரும் மூச்சுபோல.

நினைவு நாள் வரும் வாரம், செவ்வாய்க்கிழமை காலை பொன்னாடையை விலக்கியபோது அடியார் மணலில் பக்கவாட்டில் கிடந்தார். அசைவில்லை. உடம்பு கண்ணாடிபோல் வெளிறியிருந்தது. விசிறிகள் பாதி விரிந்தபடி நின்றுவிட்டிருந்தன.

வைத்திலிங்கம் வாய்விட்டு "அக்கா" என்று சொல்லிவிட்டார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தார்.

உடம்பைக் கரண்டியில் எடுத்தபோது கனமே இல்லை. அதை ஒரு பொன்னாடைத் துண்டில் சுற்றி, செம்பருத்திச் செடியடியில் குழி தோண்டி வைத்து, பால் ஊற்றினார். பிறகு மனது கேட்காமல் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டார்: 'எங்கள் இல்லத்தில் பக்தி நெறியில் வாழ்ந்த அடியார் இன்று காலை இயற்கை எய்தினார்.' மத்தியானத்துக்குள் எண்பது இரங்கல் வந்தது. இறந்தது யார் என்று தெரியாமலே மூன்று பேர் மாலையோடு கிளம்பிவிட்டார்கள். அவர்களைப் போனில் பிடித்து நிறுத்துவது பெரும்பாடாகிவிட்டது.

தொட்டியை அப்படியே ஓட விட்டார். நிறுத்தக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கே கரண்ட்டை நிறுத்தினார்கள். மூன்று ஃபில்டரும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த மூச்சு அடங்கியதும் வீடு அப்படியொரு அமைதி ஆயிற்று. ஜெயலட்சுமி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மண்டபத்துக்குப் போக வேண்டிய பந்திப் பட்டியலை வைத்துக்கொண்டு வைத்திலிங்கம் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். சன்னல் வழியாக வெயில் தொட்டியில் நேராக விழுந்தது.

கல்லின் பின்னாலிருந்து அடியார் வந்தார்.

மெதுவாக வந்தார். முன்னைவிட வெளிறிய நிறத்தில். புதைக்கும்போது இருந்த அதே நீளம், அதே முதுகுக்கோடு. ஓட்டமில்லாத தண்ணீரில் எங்கே போவதென்று தெரியாததுபோல் கண்ணாடியோரமாக நடந்து, வைத்திலிங்கத்துக்கு நேர் எதிரே வந்து நின்று, விசிறிகளை விரித்தார்.

பட்டியல் கீழே விழுந்தது. வைத்திலிங்கம் எப்படி வாசலுக்கு வந்தார், செம்பருத்தியடியில் எப்போது உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது. வெறுங்கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். பொன்னாடைத் துண்டு வந்தது. பிரித்தார். உடம்பு உள்ளேதான் இருந்தது.

"என்னங்க பண்றீங்க?" ஈரத்துணியோடு ஜெயலட்சுமி வந்து நின்றாள்.

"ரெண்டு எடத்துலயும் இருக்குடி" என்றார் வைத்திலிங்கம். அன்னதான வள்ளலின் குரல் அவ்வளவு சன்னமாக வந்து அவள் கேட்டதில்லை.

அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து அவர் கையிலிருந்ததைப் பார்த்தாள். "மொதல்ல கையைக் கழுவுங்க. கடைக்காரப் பையன்கிட்ட போயிக் கேளுங்க."

போனில் கேட்டிருக்கலாம். போனில் கேட்டால் வீட்டுக்குள் நின்று கேட்க வேண்டும். டிரைவரைக்கூட அழைக்காமல் பெரம்பலூருக்குத் தானே வண்டியை ஓட்டிப் போனார். சாலையோரத்து மரங்களெல்லாம் சிமெண்ட் தூசு படிந்து சாம்பல் பூசியதுபோல் நின்றன.

பாலாஜி அவர் கொண்டுவந்த பொன்னாடைத் துண்டைப் பிரித்துப் பார்த்தான். ஒரு விநாடி. அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டான். சிரித்தால் வியாபாரம் கெடும்.

"சார், இது சட்டை. பாம்பு உரிக்கிற மாதிரி எறாவும் உரிக்கும். காலு, மீசை, கண்ணு மூடி எல்லாம் அப்புடியே கழண்டுரும். உரிச்சதும் மேலு பஞ்சு மாதிரி இருக்கும்ல, பயந்துகிட்டு நாலு நாளு ஒளிஞ்சுக்கும். சட்டையை உள்ளயே விட்டுருக்கணும். அதுல உள்ள சத்தைத் தின்னுரும்." துண்டில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தான். "பொதைச்சீங்களா சார்?"

"பால் ஊத்துனேன்" என்றார் வைத்திலிங்கம்.

பாலாஜி திரும்பி நின்று ஒரு மீன் தொட்டியைத் துடைத்தான். திரும்பியபோது முகம் சரியாகியிருந்தது. "போனுல அந்த வீடியோவைக் காட்டுங்க. சாஷ்டாங்கம்னு போட்டீங்களாமே."

காட்டினார். பாலாஜிக்குச் சிரிப்பு போய்விட்டது.

"எம்புட்டு நாளா சார் இது கீழ எறங்கி இப்புடிப் பண்ணுது?"

"ஒரு மாசமா. ஏன்?"

"சார், இதுக்குக் கடிச்சுத் திங்க வராது. தண்ணியில மெதந்து வர்ற தூளை விசிறியில பிடிச்சு நக்கித் திங்குற சாதி. ஓட்டத்துல ஒண்ணும் கெடைக்கலன்னாத்தான் கீழ எறங்கி மண்ணைச் சுரண்டும். நீங்க தண்ணியைப் பளிங்கா வச்சிருக்கீங்க. அதுல என்னா வரும்? கும்புடல சார் அது. பசி."

கடைக்குள் இருபது தொட்டியின் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னா தண்ணி ஊத்துறீங்க?"

"கேன் தண்ணி."

"அய்யய்யோ. அதுல ஒரு சத்தும் கெடையாது. நம்ம அரியலூர் போர்த் தண்ணியில கெடக்குற சுண்ணாம்புலதான் சார் அதுக்கு ஓடே கட்டும். ஊரு பூரா காசில்லாம கெடைக்குறதை விட்டுட்டு… எப்புடியோ ஒரு சட்டை உரிச்சுப் பொழைச்சுருக்கு. அடுத்ததுக்குத் தாங்காது." பச்சைத் தூள் ஒரு பாட்டிலும் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றும் எடுத்து வைத்தான். "தூளைத் தொட்டித் தண்ணியிலயே கரைச்சு, ஃபில்டர் வாய்க்கு நேரா சொட்டுச் சொட்டா விடுங்க. ஒரு ஃபில்டர் போதும். போர்த் தண்ணியை ஒருநாள் பிடிச்சு வச்சுக் கொஞ்சங் கொஞ்சமா மாத்துங்க."

வைத்திலிங்கம் பாட்டிலை எடுக்காமல் நின்றார். "கையை நீட்டுனா பசின்னு அர்த்தமாய்யா?"

"நீட்டுனா பசின்னும் சொல்ல முடியாது சார். வயிறு ரொம்புனாலும் நீட்டிக்கிட்டுத்தான் இருக்கும். அது பொழைப்பே அதானே. கல்லு மேல நின்னு நீட்டுனா நல்லாருக்குன்னு அர்த்தம். கீழ எறங்குனா, நாம பாக்கலன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். கரண்ட் இன்னும் வரவில்லை. புது ஃபிளெக்ஸ் வந்து இறங்கி, சுருட்டியபடி தாழ்வாரத்தில் கிடந்தது. ஜெயலட்சுமி சாப்பாட்டை எடுத்து வைத்துக் காத்திருந்தாள்.

அவர் இலையில் கை வைக்கவில்லை. "ஜெயா. அக்கா கையை நீட்டுனது ஆசீர்வாதந்தானே?"

அவள் குழம்பை ஊற்றினாள். ரசச்சட்டியை நகர்த்தி வைத்தாள். "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போனாள். அடுப்பு எரியவில்லை. அது அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்ததும் இரண்டு ஃபில்டர்களைக் கழற்றினார். பச்சைத்தூளைக் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டார். அடியார் மணலிலேயே கிடந்தார். தூள் அவர் தலைக்கு மேலே புகைபோல் போய்க்கொண்டிருந்தது. "மேல வாங்களேன்" என்று வைத்திலிங்கம் கண்ணாடியில் வாயை வைத்துச் சொன்னார். சனிக்கிழமை முழுக்க எடைமேடைக்குப் போகவில்லை. மண்டபத்திலிருந்து வந்த போன்களை எடுக்கவில்லை. இது பிழைத்துவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. பிழைத்தால் எது சரியாகும் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. மணிக்கொரு தரம் சொட்டுவிட்டார். இறால் மணலைச் சுரண்டியது. அந்தச் சத்தம் யாருக்கும் கேட்காது. அவருக்குக் கேட்டது.

ஞாயிறு காலை எழுந்து வந்தபோது அடியார் கல்லின் மேல் இருந்தார்.

ஓட்டத்துக்கு முகம் காட்டி உட்கார்ந்து, நாலு விசிறியையும் முழுதாக விரித்திருந்தார். வைத்திலிங்கம் பல்கூட விளக்காமல் சிரிஞ்சை எடுத்தார். பச்சைப் புகை கல்லை நோக்கிப் போனது. ஒரு விசிறி மூடியது. வாய்க்குப் போனது. விரிந்தது. அடுத்தது மூடியது. இதுவரை வெறுங்கையாக வாய்க்குப் போய் வந்தது இப்போது ஓரத்தில் பச்சையோடு போனது அவர் கண்ணுக்கே தெரிந்தது.

"சாப்புடுது! ஜெயா, சாப்புடுது!"

அவள் வந்து பக்கத்தில் நின்றாள். அவர் இன்னொரு சிரிஞ்சு கரைத்தார். இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் விசிறிகள் மூடின, விரிந்தன. வெயில் ஏறிப் பதினொரு மணி வாக்கில் போன் அடித்தது. மண்டபத்திலிருந்து மேனேஜர். முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது, போட்டோகிராபர் தயார், வள்ளல் வந்து கரண்டியைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"போதும்ங்க. தண்ணி கலங்கிப்போச்சு" என்றாள் ஜெயலட்சுமி.

"இன்னும் நீட்டுதே."

"அது நீட்டிக்கிட்டுத்தான் இருக்கும்னு அந்தப் பையனே சொன்னான்னீங்க. ரொம்பப் போட்டா அதுக்கே ஆவாது. குடுங்க இப்புடி."

அவர் கொடுக்கவில்லை. அவள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து சிரிஞ்சை வாங்க வேண்டியிருந்தது. தொட்டித் தண்ணீர் குளத்துத் தண்ணீர்போல் பச்சையாகியிருந்தது. சங்கத் தலைவர் பார்த்தால் சிரிப்பார். கல் தெரியவில்லை, உடம்பு தெரியவில்லை. கலங்கலுக்குள் விசிறிகள் மட்டும் அசைந்தன.

"அன்னிக்கிக் கேட்டதுக்கு நீ பதில் சொல்லல" என்றார்.

ஜெயலட்சுமி சிரிஞ்சை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒருநாள் கட்டில்ல கெடந்து அண்ணி கையை நீட்டுனப்ப, என்னமோ தோணுச்சு, ஒரு தம்ளர் கஞ்சியைக் கொண்டுபோயி ஸ்பூனால குடுத்தேன். டாக்டரு மெதுவாக் குடுக்கச் சொன்னாருன்னு மெதுவாத்தான் குடுத்தேன். அம்புட்டையும் குடிச்சாங்க."

"குடிச்சுட்டு?"

"மறுபடி கையை நீட்டுனாங்க."

"அது… அது ஆசியாக்கூட இருக்கலாம்ல ஜெயா. வயிறு ரொம்பி…"

"இருக்கலாம்ங்க. ரெண்டாவது தம்ளரு ஊத்திக்கிட்டு வந்தேன். குடுத்துப் பாத்தாத் தெரிஞ்சுருக்கும்." அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதுக்குள்ள நீங்க சங்கத் தலைவரை அழைச்சுக்கிட்டு உள்ள வந்துட்டீங்க. வாயோரம் வழிஞ்சிருக்கு, போட்டோல நல்லாருக்காது, தொடைச்சுவிட்டு அதை எடுத்துக்கிட்டுப் போன்னீங்க. நான் எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."